தரங்கம்பாடி: டேனியரின் கடற்கரைத் தலைநகரில் காற்றும் சோறும் தங்குமிடமும்

தமிழகப் பள்ளிப் பாடநூல்களில் டேனியருக்குக் கிடைப்பது பெரும்பாலும் மூன்று வரிகள்தான். 1620-ல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். வங்காளத்தில் செராம்பூரிலும் இருந்தார்கள். 1845-ல் இரண்டையும் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஒரு மதிப்பெண் வினாவுக்கு இது போதும். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே 225 ஆண்டுகள் கிடக்கின்றன. அவ்வளவு காலமும் இந்தக் கடற்கரைச் சிற்றூர் ஓர் ஐரோப்பிய அரசின் இந்தியத் தலைநகராக இருந்திருக்கிறது. செராம்பூரும் நிக்கோபார் தீவுகளும் இங்கிருந்த ஆளுநரின் அதிகாரத்துக்கு உட்பட்டிருந்தன.

இன்று அந்த ஊருக்குப் போகிறவர்கள் மூன்று காரணங்களைச் சொல்கிறார்கள்: கடற்காற்று, மீன் சாப்பாடு, பழைய மாளிகையில் ஓர் இரவு. இந்த மூன்றையும் தரங்கம்பாடியின் வரலாற்றுக்குள் நுழையும் வாசல்களாக வைத்துக்கொள்ளலாம்.

பெயர்

சுற்றுலாக் கையேடுகள் 'தரங்கம்பாடி' என்பதற்கு 'பாடும் அலைகளின் ஊர்' என்று பொருள் சொல்கின்றன. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் இலக்கணம் இடம் கொடுக்கவில்லை. 'தரங்கம்' அலைதான், வடசொல். 'பாடி' என்பது ஆயர்பாடி, வாழப்பாடி ஆகிய பெயர்களில் வரும் பாடி. குடியிருப்பு என்று பொருள். அலைக்கரைக் குடியிருப்பு என்பதே நேரான பொருள். வெள்ளைக்காரர் வாயில் இது 'டிராங்குபார்' ஆனது.

அதற்கும் முந்தைய பெயர் கடற்கரையிலுள்ள மாசிலாமணி நாதர் கோயிலின் கல்வெட்டில் கிடைக்கிறது. பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 1306-ல் எழுந்த கோயில் இது. கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. 'பட்டினம்' என்றால் துறைமுக நகர். ஆக, டேனியர் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே இது ஒரு பாண்டிய மன்னனின் பெயரைத் தாங்கிய துறைமுகம். 'டேனியர் உருவாக்கிய ஊர்' என்று எழுதுபவர்கள் கோட்டைக்கு மிக அருகில் நிற்கும் இந்தக் கோயிலை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது.

வழி தவறிய பயணம்

டேனியர் தரங்கம்பாடியைத் தேடி வரவில்லை. அவர்கள் புறப்பட்டது இலங்கைக்கு.

1616-ல் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியான் கிழக்கிந்திய வணிகக் கம்பெனி ஒன்றுக்கு அனுமதி கொடுத்தார். போர்த்துக்கீசியரை எதிர்க்கக் கண்டி அரசன் உதவி கேட்கிறான் என்று மார்செலிஸ் போஷௌவர் என்ற டச்சுக்காரர் கோபன்ஹேகனில் வந்து சொன்னார். 1618-ன் இறுதியில் ஓவே கெட்டே என்ற இளைஞரின் தலைமையில் கப்பல்கள் கிளம்பின. அவருக்கு அப்போது 24 வயது நிரம்பவில்லை. இலங்கையைத் தொட ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் ஆயின. வந்தவர்களில் பாதிக்கு மேல் வழியிலேயே இறந்துபோனார்கள். அழைத்து வந்த போஷௌவரும் கடலிலேயே இறந்தார். கண்டியில் வேறு அதிர்ச்சி காத்திருந்தது. கண்டி அரசர் செனரத் ஏற்கெனவே போர்த்துக்கீசியருடன் சமாதானம் செய்துகொண்டிருந்தார்.

இதற்கிடையில் முன்னோட்டமாக அனுப்பப்பட்ட ஒரு சிறு கப்பல், காரைக்கால் அருகே போர்த்துக்கீசியரால் தாக்கப்பட்டு அழிந்தது. அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே தஞ்சாவூர் சென்று நாயக்க மன்னர் ரகுநாதரிடம் சேர்ந்தார். தரங்கம்பாடியின் டேனிய வரலாறு ஒரு கப்பல் சேதத்தில்தான் தொடங்குகிறது.

ரகுநாத நாயக்கர் ஏன் இடம் கொடுத்தார் என்பது நல்ல கேள்வி. நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர் வலுவாக இருந்தார்கள். கடல் வணிகம் முழுவதும் ஒரே வெளிநாட்டவர் கையில் இருப்பது எந்த மன்னருக்கும் நல்லதல்ல. போட்டிக்கு இன்னொருவரைக் கொண்டுவந்தால் விலையும் கிடைக்கும், பிடியும் தளரும். புலமையும் அரசியல் நுட்பமும் ஒருங்கே கொண்டிருந்தவர் அவர். 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. ஏறத்தாழ ஐந்து மைல் நீளமும் மூன்று மைல் அகலமும் கொண்ட நிலம். ஆண்டு வாடகை 3,111 ரூபாய்.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும்: வாடகை. டேனியர் இந்த மண்ணை வென்றும் பிடிக்கவில்லை, விலைக்கும் வாங்கவில்லை. தஞ்சை அரசுக்கு வாடகை கட்டிக் குடியிருந்தார்கள். நாயக்கருக்குப் பின் வந்த மராட்டியருக்கும் கட்டினார்கள். வாடகை பாக்கி விழுந்தபோதெல்லாம் தஞ்சைப் படை மதிலுக்கு வெளியே வந்து நின்றது.

ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்கு எழுதிய கடிதம் ஒரு பொன் தகட்டில் தமிழில் பொறிக்கப்பட்டது. கையொப்பம் தெலுங்கில். அந்தத் தகடு இன்றும் கோபன்ஹேகன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு தஞ்சை மன்னர், வடகடல் ஓரத்து அரசர் ஒருவருக்குத் தமிழில் கடிதம் எழுதியிருக்கிறார். அக்காலத் தஞ்சையின் மொழி நிலையைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறிய சான்றும் இல்லை, பெரிய சான்றும் இல்லை.

தங்குமிடம்

அந்த நிலத்தில் எழுந்ததுதான் டேன்ஸ்போர்க் கோட்டை. 'டேன்ஸ்போர்க்' என்றால் டேனியர் கோட்டை என்பதே பொருள். கடலை நோக்கிய பக்கத்தில் இரண்டு அடுக்குக் கட்டடம். மற்றப் பக்கங்களில் தாழ்ந்த கட்டடங்கள். நடுவே அகன்ற முற்றம்.

முதல் நூறாண்டு காலத்தில் இந்தக் கோட்டைதான் வீடு, கடை, கோயில், சிறை எல்லாம். மேல் அடுக்கில் தலைமை அதிகாரியும் மூத்த வணிகர்களும் பாதிரியாரும் குடியிருந்தார்கள். வழிபாட்டு அறையும் அங்கேதான். கீழ் அடுக்கில் சரக்கறைகள், வெடிமருந்து, சிறை. படைவீரர்களுக்கும் சமையலுக்கும் முற்றத்தைச் சுற்றி இடம். சரக்கு மூட்டைகளுக்கு மேலே முதலாளி தூங்கும் நம்மூர் மண்டிக்கடை அமைப்புதான் இது. சுவர் மட்டும் தடிமன்.

அந்தக் கோட்டையில் தங்கியவர்களில் ஒருவர் ஐஸ்லாந்துக்காரர். பெயர் யோன் ஓலாப்சன். 1620-களின் முற்பகுதியில் பீரங்கி வீரராக இங்கே பணியாற்றி, வெடிமருந்து விபத்தில் காயப்பட்டு நாடு திரும்பினார். முதுமையில் தன் வாழ்க்கைக் கதையை ஐஸ்லாந்து மொழியில் எழுதிவைத்தார். காவிரிக் கழிமுகத்து வாழ்க்கையைப் பற்றிப் பனித்தீவின் மொழியில் 17-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு பதிவு இருக்கிறது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும்.

எல்லாரையும்விட நீண்ட காலம் இங்கே காத்துக்கிடந்தவர் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. இவருடைய கதையைப் பாடநூலில் சேர்க்க எனக்கு அதிகாரம் இருந்தால் சேர்த்துவிடுவேன்.

ஐரோப்பியப் போர்களில் டென்மார்க் நொடித்துப்போனது. 1669 வரை நெடுங்காலம் தரங்கம்பாடிக்குத் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. 1650-ல் கம்பெனியே கலைக்கப்பட்டது. கோட்டையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள் அல்லது விலகிப் போனார்கள். 1655-ல் தலைவரும் இறந்தபின் பொறுப்பு கோங்ஸ்பாக்கேயிடம் வந்தது. அவர் பிரபு அல்லர். எழுதப் படிக்கத் தெரியாத சாதாரண மாலுமி. ஒரு கட்டத்தில் கோட்டையில் எஞ்சிய ஒரே டேனியர் அவர்தான் என்கிறார்கள்.

அவர் கோட்டையை விட்டுப் போகவில்லை. உள்ளூர் ஆட்களையும் போர்த்துக்கீசியக் கலப்பினத்தவரையும் வேலைக்கு வைத்துக்கொண்டார். வங்காளக் கப்பல்களைக் கொள்ளையடித்துச் செலவுக்குப் பணம் தேடினார். இதை மறைத்து அவரை வீரராக மட்டும் காட்டும் எழுத்துகள் உண்டு, கடற்கொள்ளை கடற்கொள்ளைதான். வாடகை கேட்டுத் தஞ்சைப் படை வந்தபோது சமாளித்தார். ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். ஆள் அனுப்பும்படி மன்னருக்கு மீண்டும் மீண்டும் மடல் போட்டார். 1669-ல் 'பேரோ' என்ற கப்பல் வந்து சேர்ந்தபோது, டேனியக் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் அவரையே முறையாகத் தலைவராக்கினார்கள்.

ஊர் வளர்ந்தபின் அதிகாரிகள் கோட்டையை விட்டு வெளியே வந்து தெருக்களில் குடியேறினார்கள். கிங் தெரு, குயின் தெரு என்று நேர்கோட்டில் அமைந்த வீதிகள், தூண் வைத்த தாழ்வாரங்கள், உயர்ந்த கூரைகள். கோட்டைக்கு எதிரே ஆளுநர் மாளிகை 1784 முதல் அந்தப் பயன்பாட்டில் இருந்தது. 1788 முதல் 1806 வரை ஆளுநராக இருந்த பீட்டர் ஆங்கர் நார்வே நாட்டவர். அக்காலத்தில் நார்வே டேனிய மன்னரின் ஆட்சியில் இருந்தது. ஓவியம் வரையத் தெரிந்தவர். அவர் தீட்டிய தென்னிந்தியக் கோயில், ஊர்க் காட்சிகள் இன்று ஆஸ்லோவில் இருக்கின்றன. ஊருக்குள் நுழையும் மேற்கு வாயில் இப்போதைய வடிவில் 1792-ல் கட்டப்பட்டது. பேருந்தில் வருபவர் முதலில் பார்ப்பது அதன் வெள்ளை முகப்பையும் டேனிய அரச முத்திரையையும்தான்.

கோட்டையோ பிற்காலத்தில் உண்மையிலேயே ஒரு தங்கும் விடுதியாகிவிட்டது. சுதந்திரத்துக்குப் பின் 1978 வரை அது அரசின் பயணியர் மாளிகை. கள ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் தங்குமிடம். அதன் பிறகு தமிழ்நாடு தொல்லியல் துறை எடுத்துக்கொண்டு அருங்காட்சியகம் அமைத்தது. இன்று அந்த வேலையைப் பக்கத்துக் கட்டடங்கள் செய்கின்றன. ஆங்கிலேயர் காலக் கலெக்டர் பங்களா ஒன்று இன்டாக் அமைப்பின் துணையோடு புதுப்பிக்கப்பட்டு நீம்ரானா நிறுவனத்தின் கடற்கரை விடுதியாக நடக்கிறது. அங்கே ஓர் இரவுக்கு ஆகும் செலவு எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. மாணவர்கள் குழுவாகப் போனால் மயிலாடுதுறையிலோ காரைக்காலிலோ தங்கிவிட்டுக் காலையில் வருவதே சரி. கட்டடங்களைப் பார்க்க அங்கே படுத்து எழ வேண்டிய அவசியம் இல்லை.

சிறையில் ஒரு பாதிரியார், அச்சில் ஒரு மொழி

கோட்டையில் விருப்பமில்லாமல் தங்கியவர்களும் உண்டு. அவர்களில் பெயர் பெற்றவர் பார்த்தலோமேயு சீகன்பால்கு.

ஜெர்மனியரான சீகன்பால்கும் அவருடைய தோழர் புளூட்சோவும் டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்ப, 1706 ஜூலை 9 அன்று வந்து இறங்கினார்கள். மறுநாள்தான் சீகன்பால்குக்கு 24 வயது நிறைந்தது. மன்னர் அனுப்பினாரே தவிர, ஊரை நடத்திய வணிகர்களுக்கு இவர்கள் வந்தது பிடிக்கவில்லை. சமயம் பேசப்போய் வியாபாரம் கெடும் என்பது அவர்கள் கவலை. தலைமை அதிகாரி ஹாசியஸுக்கும் சீகன்பால்குக்கும் மோதல் முற்றியது. ஓர் ஏழை விதவையின் பண வழக்கில் சீகன்பால்கு அவளுக்காகப் பேசப்போக, 1708-ல் கைது செய்யப்பட்டு நான்கு மாதம் கோட்டைச் சிறையில் அடைபட்டார். மாளிகைகளைப் படம் எடுப்பவர்கள் கீழ்த்தளத்துச் சிறை அறைகளையும் பார்த்துவிட்டு வர வேண்டும்.

அவர் தமிழ் கற்ற விதம் ஆசிரியர்களுக்குப் பிடித்தமானது. ஊர்த் திண்ணைப் பள்ளியின் ஆசிரியரை வரவழைத்து, குழந்தைகளோடு சேர்ந்து உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். பிறகு ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். தமிழரின் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய ஆய்வை ஜெர்மனியில் இருந்தவர்கள் அச்சிட மறுத்தார்கள். மாற்ற வந்தவர் மதித்து எழுதியது அவர்களுக்கு உறுத்தியது. அந்நூல் 19-ஆம் நூற்றாண்டில்தான் வெளிவந்தது.

அச்சுக்கூடம் வந்த கதையும் கப்பல் கதைதான். லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அச்சு இயந்திரம் அனுப்பியது. வழியில் பிரெஞ்சுக்காரர் கப்பலைப் பிடித்தார்கள்; உடன் வந்த அச்சுக்காரர் இறந்தார்; இயந்திரம் மட்டும் 1712-ல் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713-ல் வந்தன. அவை மிகவும் பெரியவை. அந்த அளவில் அச்சடித்தால் காகிதம் போதாது. சிறிய எழுத்து வார்க்க இங்கே ஈயம் இல்லை. அப்போது கை கொடுத்தது உணவுப் பொருள் ஒன்று. லண்டனிலிருந்து பாலாடைக்கட்டி ஈயத் தகட்டுப் பெட்டிகளில் அனுப்பப்பட்டிருந்தது. கட்டியைச் சாப்பிட்டபின் அந்த ஈயத்தை உருக்கித் தமிழ் எழுத்து வார்த்தார்கள். பக்கத்து ஊரான பொறையாற்றில் காகித ஆலையும் அமைத்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு முழுமையாகத் தமிழில் அச்சாகி வந்தது. இந்திய மொழி எதிலும் அச்சான முதல் புதிய ஏற்பாடு அது.

ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். 'தமிழின் முதல் அச்சு நூல் தரங்கம்பாடியில் வந்தது' என்று பல இணையதளங்களில் காணப்படுகிறது. அது தவறு. போர்த்துக்கீசியப் பாதிரியார் அன்றீக்கு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-லேயே கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியின் சிறப்பு வேறு: இங்கே அச்சு தொடர்ந்து நடந்தது. பாடநூல், அகராதி, நாட்காட்டி என்று அது ஒரு பழக்கமாக மாறியது. முதலில் செய்வது ஒன்று, விடாமல் செய்வது இன்னொன்று.

சீகன்பால்கு 1719 பிப்ரவரியில் 36 வயதில் இறந்தார். 1718-ல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. முதலில் 1707-ல் கட்டிய ஆலயத்தைக் கடல் கொண்டுவிட்டதால்தான் அதற்குப் 'புதிய' என்ற அடைமொழி. அதே தெருவில் டேனியக் குடியிருப்பினருக்காக 1701-ல் எழுந்த சீயோன் ஆலயமும் இருக்கிறது.

திருச்சிக்காரர்கள் இங்கே ஒரு செய்தியைச் சேர்த்துக்கொள்ளலாம். 1750-ல் தரங்கம்பாடி வந்து சேர்ந்த சுவார்ட்ஸ் பாதிரியார் பின்னர் திருச்சிக்கு வந்தார். மலைக்கோட்டை தெப்பக்குளத்துக்கு அருகிலுள்ள கிறிஸ்து ஆலயம் 1766-ல் அவர் கட்டியது. பிறகு தஞ்சைக்குப் போய் இளவரசர் சரபோஜிக்கு வழிகாட்டியாக இருந்தார். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்த சரபோஜியின் அறிவுத் தாகத்துக்குப் பின்னால் தரங்கம்பாடியின் நிழல் கொஞ்சம் விழுகிறது.

உணவு

டேனியர் வந்தது மிளகுக்காக. ஆனால் தஞ்சைச் சீமையில் மிளகு விளையாது. நெல்லும் பருத்தித் துணியும்தான் இங்கே உண்டு. ஆகவே இங்கே துணி வாங்கி, அதை இன்றைய இந்தோனேசியத் தீவுகளுக்குக் கொண்டுபோய் விற்று, மிளகும் கிராம்பும் வாங்கி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். ஆக, சோழமண்டல நெசவாளரின் தறி ஓடாமல் கோபன்ஹேகன் சமையலறையில் மிளகு இல்லை. இந்த முக்கோண வணிகத்தைப் புரிந்துகொண்டால், மிளகுக் கொடியே இல்லாத ஊர் எப்படி மிளகு வணிகத்தின் தலைநகரானது என்ற குழப்பம் தீரும்.

சமையலறையில் நாள்தோறும் நாம் கிள்ளிப் போடும் கறிவேப்பிலைக்கும் இந்த ஊருக்கும் ஓர் உறவு உண்டு. அதன் தாவரவியல் பெயர் 'மர்ராயா கோனிகி'. இதில் வரும் கோனிக், தாவரவியல் அறிஞர் லின்னேயஸின் மாணவர். 1768-ல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவர். இங்கிருந்து செடிகளை உலர்த்தி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவருடைய நினைவாகவே அந்தப் பெயர். நம் பாட்டிமார் ஆயிரம் ஆண்டாகத் தாளித்துக்கொண்டிருந்த இலைக்கு அவர் பெயர் வந்தது நியாயமா என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள். பெயர் வைப்பவர் கண்டுபிடித்தவர் ஆகிவிட மாட்டார் என்று மட்டும் சொன்னேன்.

மீனுக்கும் இதே கதை. தரங்கம்பாடியில் பணியாற்றிய ஜான் பாதிரியார் இங்குள்ள மீன்களைப் பதப்படுத்திப் பெர்லினில் இருந்த மார்க்கஸ் பிளாக் என்ற மீனியல் அறிஞருக்கு அனுப்பினார். கத்தாழை வகை மீன்களின் ஒரு பேரினத்துக்கு 'ஜானியஸ்' என்று இன்றும் பெயர். அந்த மீன்களைப் பிடித்து, உள்ளூர்ப் பெயர் சொல்லி, எது எந்தப் பருவத்தில் வரும் என்று விளக்கிய மீனவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

இன்று சாப்பாட்டுக்காகப் போகிறவர்களுக்கு என் கருத்து இது. விடுதியில் 'டேனிய உணவு' என்று எதையாவது எதிர்பார்க்க வேண்டாம். புதுச்சேரியில் பிரெஞ்சு ரொட்டியும் கேக்கும் நிலைத்ததுபோல் இங்கே டேனியச் சமையல் எதுவும் நிலைக்கவில்லை. இங்கு இருந்த டேனியர் எக்காலத்திலும் சிலரே; ஊரின் பொதுமொழிகூட டேனிய மொழி அன்று, தமிழும் போர்த்துக்கீசியமும்தான். இருப்பது கடற்கரைத் தமிழ்ச் சமையல். காலையில் கரைக்கு வரும் வஞ்சிரம், வௌவால், சங்கரா, நெத்திலி, இறால், நண்டு. மாங்காய் போட்ட மீன் குழம்பு. மீதியைக் கருவாடாக்கும் வெயில். மீன்பிடித் தடைக்காலத்தில் போனால் விசைப்படகு மீன் இருக்காது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். மரக்கறி சாப்பிடுபவர்கள் மயிலாடுதுறையிலோ பொறையாற்றிலோ முடித்துக்கொள்வது நல்லது. கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்துக் காப்பியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

காற்று

தரங்கம்பாடிக் கடற்கரையில் ஓசோன் அதிகம், அதைச் சுவாசித்தால் உடலுக்கு நல்லது என்று ஒரு செய்தி நெடுநாளாக உலவுகிறது. செய்தித்தாள்களும் சுற்றுலாத் தளங்களும் இதைத் திரும்பத் திரும்ப எழுதுகின்றன. அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. வானில் உயரத்தில் இருக்கும் ஓசோன் படலம் நமக்குக் கவசம். தரை மட்டத்தில் ஓசோன் கூடினால் அது மாசு, நுரையீரலுக்குக் கேடு. கடற்கரையில் நாம் உணரும் அந்த வாடை பெரும்பாலும் கடலின் நுண்ணுயிர்களிலிருந்து வரும் கந்தகச் சேர்மங்களின் வாடை. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கடற்காற்றில் ஓசோன் இருக்கிறது, அது மருந்து என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது. அந்தப் பழைய நம்பிக்கைதான் இங்கே வந்து தங்கிவிட்டது போலும்.

ஓசோன் இல்லாவிட்டாலும் காற்று நல்ல காற்றுதான். வாகன இரைச்சல் இல்லை, கடைகளின் நெரிசல் இல்லை. மாலையில் கோட்டை மதில்மேல் ஏறினால் கடல் மட்டுமே தெரியும். அந்த அமைதியை ரசிக்கும்போது அது எப்படி வந்தது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். துறைமுகம் செத்ததால் வந்த அமைதி அது.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தரங்கம்பாடிக்கு நல்ல காலம். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சண்டையிட்டபோது டென்மார்க் நடுநிலை வகித்தது. நடுநிலைக் கப்பலில் சரக்கு ஏற்ற எல்லாரும் வந்தார்கள். 1777-ல் கம்பெனியிடமிருந்து ஆட்சியை மன்னரே ஏற்றுக்கொண்டார். நெப்போலியன் போர்களில் அந்த நடுநிலை உடைந்தது. ஆங்கிலேயர் 1801-லும், மறுபடி 1808 முதல் 1815 வரையிலும் ஊரைப் பிடித்து வைத்திருந்தார்கள். திரும்பக் கொடுத்தபோது வணிகம் போய்விட்டது. இங்கிலாந்து ஆலைத் துணி வந்தபின் சோழமண்டலத் துணிக்கு ஐரோப்பாவில் சந்தையும் இல்லை. 1845-ல் தரங்கம்பாடியும் செராம்பூரும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்கப்பட்டன.

விற்றபின் கொஞ்ச காலம் தஞ்சாவூர் மாவட்டத்தின் தலைமையிடமாக இது இருந்தது. 1860-ல் அந்தப் பெருமையும் போயிற்று. மறு ஆண்டு, 1861-ல், நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடியது. 1862-ல் அது திருச்சியைத் தொட்டது. ரயில் போகும் துறைமுகத்துக்குச் சரக்குப் போகும். தரங்கம்பாடிக்கு மயிலாடுதுறையிலிருந்து ஒரு கிளைப்பாதை 1926-ல்தான் வந்தது; அதுவும் 1986-ல் நிறுத்தப்பட்டது.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஊருக்குள் வந்தது. அப்போது தரங்கம்பாடி இருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்; தரங்கம்பாடி மீனவர் குடியிருப்பில் இழப்பு மிகப் பெரிது. டேனியத் தெருக்களின் உயரமான பழைய கட்டடங்கள் பெரும்பாலும் நின்றன. கரையோரக் குடிசைகள் போயின. பின்னர் மீனவர்களுக்குக் கடலிலிருந்து தள்ளி வீடுகள் கட்டப்பட்டன. டென்மார்க்கிலிருந்தும் உதவி வந்து கோட்டையும் பல வீடுகளும் சீராக்கப்பட்டன. பழைய ஊர் அழகானதும், மீனவர் கடலைவிட்டு விலகிக் குடியேறியதும் ஏறத்தாழ ஒரே ஆண்டுகளில் நடந்தவை. படகு ஒரிடம், வீடு ஒரிடம் என்று ஆனவர்களுக்கு அந்தத் தூரம் தினசரி உழைப்பு.

போகிறவர்களுக்கு

திருச்சி கைலாசபுரத்துக்காரர்கள் திருவெறும்பூரிலோ திருச்சி சந்திப்பிலோ ரயில் ஏறித் தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக மயிலாடுதுறையில் இறங்கலாம். அங்கிருந்து பேருந்தில் 30 கிலோமீட்டர் அளவு. மயிலாடுதுறை 2020-ல் தனி மாவட்டமானபின் தரங்கம்பாடி அதில் சேர்ந்துள்ளது. போகும் வழியில் தஞ்சாவூர் அரண்மனையில் இறங்கிப் பார்க்க நேரம் இருந்தால் நல்லது; தரங்கம்பாடியை வாடகைக்கு விட்டவர் அங்கேதான் இருந்தார்.

தெற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் பிரெஞ்சுக்காரரின் காரைக்கால். அதற்கும் தெற்கே போர்த்துக்கீசியரும் பிறகு டச்சுக்காரரும் இருந்த நாகப்பட்டினம். வடக்கே சோழரின் பூம்புகார். இரண்டு நாள் இருந்தால் நான்கையும் பார்த்துவிடலாம். பூம்புகாரில் பழைய நகரம் கண்ணுக்குத் தெரியாது என்பதை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ஏமாற்றம்.

தரங்கம்பாடியில் மேற்கு வாயிலில் தொடங்கி கிங் தெரு வழியாகக் கடலை நோக்கி நடப்பது முறை. இரண்டு ஆலயங்கள், ஆளுநர் மாளிகை, கோட்டை, கடைசியில் மாசிலாமணி நாதர் கோயில். எல்லாம் ஒரு கிலோமீட்டருக்குள். கோட்டை அருங்காட்சியகத்தின் விடுமுறை நாளை மட்டும் கேட்டுக்கொண்டு போக வேண்டும். உள்ளே பீங்கான், நாணயம், ஆவணப் படிகள் இருக்கின்றன. வெயில் ஏறுவதற்குள் கோயிலுக்குப் போனால் தரையிலும் சுவரிலும் அலை தின்ற கற்களைப் பார்க்கலாம். சில கற்களில் எழுத்து இன்னும் தெரிகிறது.